தொடரா, சமாந்தரமா? மின் இணைப்புக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்சுற்றுக்களைப் படிக்கும் மாணவரும், புது வீட்டுக்கு வயரிங் செய்விப்போரும், கோயில் திருவிழாவுக்கு மின்சோடனை கட்டும் இளைஞரும் ஒரே சந்தேகங்களை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகிறார்கள். அவற்றை இயன்றவரை கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பிந்திய விடைகள் முந்தியவற்றில் தங்கி நிற்பதால், அவசரமில்லாதவர்கள் மேலிருந்து வாசிப்பது நல்லது.

சீரீஸ் எண்டால் என்ன, பரலல் எண்டால் என்ன? சுருக்கமாச் சொல்லுங்கோ.

மின்னோட்டம் செல்ல ஒரேயொரு பாதை மட்டும் இருந்து, அந்தப் பாதையில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தால் அது தொடர் இணைப்பு. ஒவ்வொரு கருவியும் அதே இரண்டு கம்பிகளுக்கு இடையே தனித்தனியாகப் பொருத்தப்பட்டு, மின்னோட்டம் கிளைகளாகப் பிரிந்து சென்று மீண்டும் சேர்ந்தால் அது சமாந்தர இணைப்பு.

படத்தைப் பார்த்து எது எதுவென்று ஊகிப்பதை விட, அந்தக் கருவிகளுக்கு எது பொதுவாக இருக்கிறது என்று கேட்பது நல்ல வழி. தொடரில் எல்லாவற்றினூடாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது, வோல்ற்றளவு பங்கிடப்படுகிறது. சமாந்தரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ற்றளவு கிடைக்கிறது, மின்னோட்டம் பங்கிடப்படுகிறது. கீழே உள்ள சிக்கலான கேள்விகள் எல்லாம் இந்த இரண்டு வரிகளைக் கொண்டே அவிழ்கின்றன.

எங்கட வீட்டு வயரிங் இதில எது?

இரண்டும். இலங்கையில் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் மின்சாரத்துக்கென்றே குமிழ், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை செய்யப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ற்றும் கிடைக்க வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்கவும் கூடாது. ஆகையால் அவை தமக்குள் சமாந்தரமாகவே இணைக்கப்படுகின்றன.

ஆனால் கட்டுப்படுத்துவனவும் காவல் செய்வனவும் தொடரில்தான் இருக்கும். மின்மானி, பிரதான ஆளி (மெயின் சுவிச்), றிப் சுவிச் (மின்கசிவில் தானாக வெட்டுவது), உருகி, சுவரிலுள்ள சுவிச் ஆகிய அனைத்தும் மின்னோட்டத்தின் பாதையிலேயே நிற்க வேண்டும். பாதையில் நில்லாத ஒன்றால் பாதையை வெட்ட முடியாது. ஒரு சுவிச்சைக் குமிழுக்குச் சமாந்தரமாகப் பொருத்தினால், அதைப் போட்ட கணமே மின்னோட்டம் குமிழைத் தவிர்த்துத் தடையின்றிப் பாயும் குறுஞ்சுற்று உண்டாகும். சுவிச் மின்சாரம் வரும் உயிர்க் கம்பியில் இருக்க வேண்டும் என்பதும் இதையொட்டியதே. திரும்பும் கம்பியான நியூற்றலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் உயிர் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும், குமிழ் மாற்றுபவருக்கு அது தெரியாது.

வயர் ஒரு பிளக்கில இருந்து அடுத்த பிளக்குக்குத்தானே போகுது? அப்ப அது சீரீஸ் தானே?

இல்லை. பார்வைக்குத் தொடர் போலத் தோன்றுவதால் எழும் மயக்கம் இது. உயிர்க் கம்பி முதலாவது சுவர்ப் பிளக்கின் உயிர் முனையைத் தொட்டுவிட்டு அடுத்ததன் உயிர் முனைக்குச் செல்கிறது, நியூற்றலும் அவ்வாறே. எனவே எல்லாப் பிளக்குகளும் அதே இரண்டு கம்பிகளுக்கு இடையிலேயே இருக்கின்றன. முதற் பிளக்கில் எதுவும் செருகாதபோதும் இரண்டாவது வேலை செய்வது இதற்குச் சான்று.

வளையச் சுற்றில், அதாவது வயர் எல்லாப் பிளக்குகளையும் சுற்றிவந்து மின்பகிர்வுப் பலகைக்கே திரும்பும் முறையில், இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு பக்கத்தாலும் மின்சாரம் வருவதால் வயரும் தனக்குத்தானே சமாந்தரமாகிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாப் பிளக்குகளும் வேலை செய்துகொண்டேயிருக்கும். ஆனால் சுமை முழுவதும் ஒரு பக்கத்து வயரில் விழக்கூடும். வெளியில் எந்த அறிகுறியும் காட்டாத பழுது இது. வளையத்தின் தொடர்ச்சியை அளந்து பார்க்காத வயரிங்கை முடிந்த வேலையாக ஏற்காதீர்கள்.

இன்னொரு தடையைக் கூட்டினால் மொத்தத் தடை எப்பிடிக் குறையும், சேர்?

நல்லூர்த் தேர்த் திருவிழா முடிந்து சனம் ஒரு வாசலால் வெளியேறிக்கொண்டிருக்கும்போது, அதைவிட ஒடுக்கமான இன்னொரு வாசலைத் திறந்துவிட்டாலும் வெளியேறும் வேகம் கூடுமேயன்றிக் குறையாது. சமாந்தரமாகச் சேர்க்கும் தடையியும் மின்னோட்டத்துக்கு அப்படியொரு மேலதிக வழிதான்.

6 ஓம், 3 ஓம் தடையிகளை எடுத்துக்கொள்வோம். தொடரில் 9 ஓம். சமாந்தரமாக 6 வோல்ற்றுக்கு இணைத்தால் முதலாவதில் 1 அம்பியரும் இரண்டாவதில் 2 அம்பியரும், மொத்தம் 3 அம்பியர் பாயும். 6 ஐ 3 ஆல் வகுக்க 2 ஓம். பரீட்சையில் பலர் 1/6 + 1/3 = 1/2 என்று கண்டதும் அரை ஓம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்; அதைத் தலைகீழாக்க வேண்டும். சமாந்தரத் தொகுப்பின் தடை, அதிலுள்ள மிகச் சிறிய தடையை விட எப்போதும் குறைவாகவே வரும் என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

அம்பியர்மானியைத் தொடரிலயும் வோல்ற்மானியைச் சமாந்தரத்திலயும் போடுறது ஏன்?

ஒன்று மின்னோட்டத்தை அளக்கிறது, மற்றது வோல்ற்றளவை அளக்கிறது. எது எங்கே பொதுவானது என்பது முதல் விடையில் இருக்கிறது. அம்பியர்மானியின் தடை மிகக் குறைவு என்பதால், பல்மானியின் (மல்ரிமீற்றரின்) கம்பியை அம்பியர்த் துளையில் செருகியபடியே மறந்து பிளக்கின் வோல்ற்றளவைப் பார்க்கப் போனால் குறுஞ்சுற்று ஏற்படும்.

ரோச்சுக்குப் பற்றறியளை வரிசையாப் போடுறம். பக்கம் பக்கமாப் போட்டால் என்ன?

வரிசையாகப் போடும்போது வோல்ற்றளவுகள் கூடுகின்றன: 1.5 வோல்ற் கலங்கள் இரண்டு 3 வோல்ற் தரும். பக்கம் பக்கமாக, நேர் முனையோடு நேர் முனை சேரும்படி இணைத்தால் வோல்ற்றளவு 1.5 ஆகவே இருக்கும். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். சேமிக்கப்பட்ட மொத்தச் சக்தி இரண்டு முறையிலும் ஒன்றுதான். மூன்று கலங்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் அது மற்றொன்றை அழித்து, 4.5 வோல்ற் கிடைக்க வேண்டிய இடத்தில் 1.5 தான் மிஞ்சும்.

நான்கு 12 வோல்ற் பற்றறிகளைத் தொடராக்கி பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் 48 வோல்ற் இன்வேட்டருக்குக் கொடுப்பதும் இதே கணக்கே. பழையதையும் புதியதையும் மட்டும் கலக்க வேண்டாம். தொடரில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்ந்தாக வேண்டுமாதலால் நலிந்த பற்றறி முதலில் வடிந்து மேலும் சிதைகிறது. சமாந்தரத்தில் வலியது நலிந்ததற்குள் மின்னைக் கொட்டுகிறது.

கோயில் சோடனை லைற்றில ஒரு குமிழைக் கழட்டினால் ஒரு துண்டு முழுக்க நூருது. ஆனால் ஒரு குமிழ் தானா எரிஞ்சுபோனால் மற்றதெல்லாம் எரியுது. ஏன்?

இழை கொண்ட சிறு குமிழ் மாலைகளில் நூறு குமிழ்கள் தொடரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.3 வோல்ற் வீதம் 230 வோல்ற் பங்கிடப்படுகிறது. நீண்ட மாலையில் இத்தகைய துண்டுகள் பல, தமக்குள் சமாந்தரமாக இருக்கும். ஒரு குமிழைக் கழற்றினால் அந்தத் துண்டின் ஒரே பாதை அறுபடுகிறது. மற்றத் துண்டுகளுக்கு எதுவும் ஆவதில்லை.

தானாக எரிந்துபோகும் குமிழின் கதை வேறு. இழைக்குக் கீழே, ஒட்சைட்டுப் படலம் பூசிய மெல்லிய கம்பியொன்று இரு முனைகளையும் தொட்டபடி சுற்றப்பட்டிருக்கும். 2.3 வோல்ற்றில் அந்தப் படலம் காவலியாக நிற்கும். இழை அறுந்ததும் சுற்றில் மின்னோட்டம் நின்று, முழு 230 வோல்ற்றும் அந்த ஒரு குமிழின் முனைகளுக்கிடையே வந்து நிற்பதால் படலம் உடைந்து கம்பி வழிவிடுகிறது. மாலை மீண்டும் எரியும். ஆனால் அந்தக் குமிழின் பங்கு இப்போது மற்றவற்றின் தலையில். பத்துக் குமிழ்கள் இப்படிப் போனால் மீதித் தொண்ணூறுக்கும் ஏறத்தாழ 2.56 வோல்ற் வரும். அவை விரைவாகப் போகத் தொடங்கும். இரண்டு மூன்று போனவுடனேயே மாற்றிவிடுவது சிக்கனம்.

‘குமிழ் வெறும் இரண்டரை வோல்ற் தானே’ என்று வெறும் ஹோல்டருக்குள் விரல் வைப்பவர்கள் மேலே சொன்னதை மீண்டும் வாசிக்க வேண்டும்: குமிழ் இல்லாத அந்த இடத்தில் நிற்பது 230 வோல்ற்.

100 வாற் குமிழையும் 40 வாற் குமிழையும் தொடரில போட்டால் 40 வாற் தான் கூட வெளிச்சமாம். உண்மையா?

உண்மை. குமிழில் எழுதியிருக்கும் வாற், அதற்கு 230 வோல்ற் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். அந்த அளவில் 100 வாற் இழையின் தடை 529 ஓம், 40 வாற் இழையினது ஏறத்தாழ 1322 ஓம். தொடரில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம், அதாவது சுமார் 0.124 அம்பியர், பாய்கிறது. ஒரே மின்னோட்டத்தில் தடை கூடியதே கூடிய வலுவை எடுக்கும். கணக்குப்படி 40 வாற் குமிழ் சுமார் 20 வாற்றும், 100 வாற் குமிழ் சுமார் 8 வாற்றும் எடுக்கின்றன. நடைமுறையில் வித்தியாசம் இன்னும் பெரிது: சூடு குறைந்த இழையின் தடையும் குறைவதால், 100 வாற் குமிழ் எரிகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்ப இரவு விளக்குக்கு ரெண்டு எல்ஈடி குமிழைத் தொடரில போட்டு மங்கலாக்கலாமா?

வேண்டாம். முந்திய விடை இழைக் குமிழ்களுக்கு உரியது. அவை வெறும் தடையிகள் போல நடந்துகொள்வன. வீட்டு எல்ஈடி குமிழின் அடிப்பகுதியில் ஓர் இலத்திரனியற் சுற்று இருக்கிறது. குறைந்த வோல்ற்றளவு கிடைத்தால் சில வகைகள் மங்காமல் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும்; சில, மின்னைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவி நிரம்பும்வரை இருண்டு, நிரம்பியதும் ஒருமுறை மின்னி, மீண்டும் இருளும். இரண்டும் 115 வோல்ற் வீதம் ஒழுங்காகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைந்த வாற் குமிழ் ஒன்றை வாங்குவதே மலிவான வழி.

றேடியோ திருத்துற கடையில பழைய 100 வாற் குமிழ் ஒண்டை ஏன் பிளக்கோட கட்டி வைச்சிருக்கினம்?

பழுதான கருவிக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது அந்தக் குமிழை அதனுடன் தொடராக வைக்கிறார்கள். கருவிக்குள் குறுஞ்சுற்று இருந்தால் குமிழுக்கு 230 வோல்ற்றும் கிடைத்து அது முழுப் பிரகாசமாக எரியும், மின்னோட்டம் 0.43 அம்பியருக்கு மேல் போகாது; எதுவும் கருகாது. கருவி சரியாக இருந்தால் குமிழ் ஒருமுறை மின்னி மங்கிவிடும். தொடர் இணைப்பின் ‘குறை’ எனப்படும் அதே குணத்தைக் காவலாக்கிய இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு இழைக் குமிழே வேண்டும், எல்ஈடி உதவாது.

ஒரு எக்ஸ்ரென்சனில கேத்தில், அயன், றைஸ் குக்கர் மூண்டையும் போட்டால் என்ன? எல்லாம் பரலல் தானே?

எல்லாம் பரலல் என்பதுதான் ஆபத்து. சமாந்தரத்தில் மின்னோட்டங்கள் கூடுகின்றன. 2000 வாற் மின்கேத்தல் 8.7 அம்பியர், 1000 வாற் மின்னழுத்தி 4.3, 700 வாற் குக்கர் 3. ஆக மொத்தம் 16 அம்பியர். அவ்வளவும் எக்ஸ்ரென்சன் வயரினூடாகவும் அதன் பிளக்கினூடாகவும் செல்கிறது. சதுர முனைப் பிளக்கிலுள்ள 13 அம்பியர் உருகி 16 அம்பியருக்கு உடனே உருகாது. நெடுநேரம் தாங்கி நிற்கும். அதற்கிடையில் தளர்ந்த முனைகள் சூடேறிப் பிளாஸ்ரிக் மணக்கத் தொடங்கும். பழைய 5 அம்பியர் வட்ட முனைப் பிளக்கில் அடப்ரர் வைத்து இதைச் செய்வது இன்னும் மோசம்.

கிணத்து மோட்டர் போட்டவுடனே அங்க இருக்கிற லைற் மங்குது. பரலலில ஒண்டை ஒண்டு பாதிக்காது எண்டியள்?

கிளைகள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பது, அவற்றுக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு மாறாதிருக்கும் வரைக்கும்தான். வீட்டிலிருந்து கிணற்றடிக்குப் போகும் வயருக்கும் தடை உண்டு. மோட்டரும் விளக்கும் தமக்குள் சமாந்தரம். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து அந்த வயருடன் தொடர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வளவின் கோடியிலோ தோட்டத்தின் நடுவிலோ இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 12.1 ஓம். கிணறு 60 மீற்றர் தூரத்தில் என்றால் போக வர 120 மீற்றர், அதாவது 1.45 ஓம். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் எடுத்தால் வயரில் 9 வோல்ற் அளவில் இழக்கப்படும், அது பொருட்டல்ல. புறப்படும் கணத்தில் 30 அம்பியர் இழுத்தால் 43 வோல்ற் போய்விடும்; கிணற்றடிக்குச் சேர்வது 190க்கும் குறைவு. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் இழப்பு 27 வோல்ற் அளவில் நின்றிருக்கும். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்காமல் நிற்பதற்கும் இதுவே காரணமாகலாம். வீட்டிலுள்ள விளக்குகளும் சேர்ந்து மங்கினால் குறை கிணற்றடி வயரில் மட்டும் இல்லை. தெருக் கம்பியிலிருந்து மின்மானி வரையான இணைப்புக்களையும் சோதிப்பிக்க வேண்டும்.

சைக்கிள் டைனமோவில முன் லைற் போனால் கொஞ்ச நேரத்தில பின் லைற்றும் போகுதே. அது சீரீஸா?

சமாந்தரம்தான். டைனமோவிலிருந்து இரண்டு குமிழ்களுக்கும் தனித்தனி வயர் போகிறது. திரும்பும் பாதை சைக்கிளின் சட்டம். 6 வோல்ற், 3 வாற் டைனமோவில் முன்குமிழ் 2.4 வாற், பின்குமிழ் 0.6 வாற். அதாவது 0.4, 0.1 அம்பியர், மொத்தம் 0.5.

வீட்டு மின்சாரம் வோல்ற்றளவை மாறாமல் வைத்திருக்கிறது. டைனமோ அப்படியல்ல: சுருளின் இயல்பினால், வேகமாக ஓடும்போது அது மின்னோட்டத்தையே ஏறத்தாழ அரை அம்பியரில் மாறாமல் வைத்திருக்க முயல்கிறது. முன்குமிழ் அறுந்தால், 0.1 அம்பியருக்கெனச் செய்த பின்குமிழினூடாக அதனிலும் பல மடங்கு தள்ளப்படும், வோல்ற்றளவு உயரும், இழை கருகும். கிணற்றடி விடையில் சொன்ன நிபந்தனை இங்கே முற்றாக இல்லாமற் போகிறது. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இது அனுபவமாகத் தெரியும்: ஒரு திசையில் மட்டும் மின்னை விடும் இருவாயிகளால் (டயோட்டுகளால்) நேரோட்டமாக்கியது மட்டும் போதாது, மிதிப்பவரின் வேகம் கூடினால் வானொலிக்குக் காப்பும் வேண்டும்.

காகம் கம்பியில இருந்தால் ஒண்டும் ஆகாது, நாங்கள் தொட்டால் மட்டும் ஏன்?

காகத்தின் இரு கால்களும் ஒரே கம்பியில், சில சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. அந்தத் துண்டுக் கம்பிக்கு அதன் உடல் சமாந்தரம். அதன் கால்களுக்கிடையே வோல்ற்றளவு இல்லையென்றே சொல்லலாம். நிலத்தில் நிற்கும் நாமோ உயிர்க் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் இருக்கிறோம், கிடைப்பது முழு 230 வோல்ற். றிப் சுவிச் பார்ப்பது இந்த வழிமாற்றத்தையே: உயிர்க் கம்பியால் போனது நியூற்றலால் திரும்பாமல் 30 மில்லி அம்பியர் அளவு வேறு வழியால் கசிந்தால் வெட்டிவிடும்.

சோலர் பனல் ஒண்டில மட்டும் பனைமர நிழல் விழுது. எல்லாப் பனலும் ஏன் குறையுது?

கூரையிலுள்ள பனல்கள் பெரும்பாலும் தொடராகவே கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு பனலுக்குள்ளும் கலங்கள் தொடரிலேயே உள்ளன. தொடரில் மின்னோட்டம் ஒன்றே என்பதால், நிழல் விழுந்த கலம் விடும் அளவே எல்லாவற்றுக்கும் எல்லையாகிறது. அந்தக் கலம் சூடேறிக் கெடவும் கூடும். இதைத் தவிர்க்கப் பனலின் பின்புறப் பெட்டியில் வழக்கமாக மூன்று இருவாயிகள் இருக்கும். நிழல் விழுந்த மூன்றிலொரு பகுதியைத் தாண்டி அவை மின்னோட்டத்தைக் கடத்திவிடும். சோடனைக் குமிழுக்குள் இருக்கும் கம்பியின் வேலையையே இவை செய்கின்றன. ஆனால் நிழல் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காலையிலோ மாலையிலோ நிழல் தவிர்க்க முடியாததென்றால், அந்தப் பக்கத்துப் பனல்களைத் தனிக் கோவையாக இன்வேட்டரின் வேறொரு உள்ளீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

காத்து மழைக்குப் பிறகு எங்கட வீட்டில லைற் மங்கல், பக்கத்து வீட்டில ரீவி எரிஞ்சுபோச்சு. ஒரே தெருவில இது எப்பிடி?

தெருவில் நியூற்றல் அறுந்திருக்கலாம். மூன்று உயிர்க் கம்பிகளும் ஒரு நியூற்றலும் தெரு நெடுகச் செல்கின்றன. ஒரு பேஸுக்கும் (அதாவது உயிர்க் கம்பிகளில் ஒன்றுக்கும்) நியூற்றலுக்கும் இடையில் 230 வோல்ற், இரண்டு பேஸ்களுக்கு இடையில் 400 வோல்ற். வெவ்வேறு பேஸ்களிலுள்ள வீடுகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருப்பது அந்த நியூற்றலால். அது அறுந்தால், அதற்கப்பாலுள்ள இரண்டு வீடுகள் யாரும் திட்டமிடாமலேயே 400 வோல்ற்றுக்குக் குறுக்கே தொடராகிவிடுகின்றன.

உங்கள் வீட்டில் 2000 வாற் கேத்தல், அதாவது 26.5 ஓம், அடுத்த வீட்டில் ரீவியும் விளக்குகளுமாக 200 வாற், 265 ஓம் அளவில் என்று கொள்வோம். தொடரில் தடை கூடியதற்கே கூடிய பங்கு: அவர்களுக்கு 360 வோல்ற்றுக்கு மேல், உங்களுக்கு 40க்கும் குறைவு. 40 வாற் குமிழ் 100 வாற் குமிழை வென்ற அதே கணக்கு இது. மின்னோட்டமோ ஒன்றரை அம்பியருக்கும் குறைவு. ஆகவே உருகி உருகாது, றிப் சுவிச்சும் விழாது. வோல்ற்றளவைக் கண்காணித்துத் துண்டிக்கும் கருவியொன்றே இதற்குக் காப்பு.

விளக்குகள் சில வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தாலோ, ஒரு கருவியைப் போடும்போது மற்றவற்றின் வெளிச்சம் கூடிக் குறைந்தாலோ, ஆராயாமல் பிரதான ஆளியை நிறுத்திவிட்டு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அயல் வீடுகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் சுமையை மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் வோல்ற்றளவு மாறும். திருத்திய பின்னரும், மின்னியலாளர் ஒருவர் வோல்ற்றளவை அளந்து சொல்லும்வரை ரீவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் செருக வேண்டாம்.